அரசன் முதலில் அமர வேண்டும்
அயல்நாட்டுப் போரும் பயங்கரவாதிகளைத் தேடும் வேட்டையும்: ஓர் இறையியல் சிந்தனை

முன்னுரை

திருவில்லிபுத்தூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள மகாராஜபுரத்தில் ஒரு நாள் மாலை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின், படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தனித்து நின்று இக்கட்டுரையாளரிடம் ஒரு வினாவை எழுப்பினார். 1987ஆம் ஆண்டு இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணம் சென்றவர் அவர். “ஐயா, நாங்கள் அங்கே போனது சரியா, தவறா? திரும்பி வந்த நாள் முதல் இதுவரை எந்த ஆயரும் எங்களிடம் இதைப்பற்றிப் பேசியதில்லை” என்றார். அவருக்கு உடனடியாக விடை கூற இயலவில்லை. கூற இயலாமற்போனதற்குக் காரணம் அவரிடம் இல்லை. நம்மிடம் உள்ளது என்பதே பின்னர் தோன்றியது.

இதே விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம் போன்ற இடங்களில் ஈழத்து அகதிகள் முகாம்கள் உள்ளன. அந்தப் படைவீரர் துப்பாக்கியுடன் நடந்த தெருக்களிலிருந்து வெளியேறியவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் இன்று நம் அயலார். ஒரே சபையின் ஒரே திருவிருந்துப் பந்தியில் இவ்விரு திறத்தாரும் மண்டியிடக்கூடும். அவ்வாறாயின், அயல்நாட்டில் நாம் நடத்திய ஒரு போரின் அறிவுடைமையைப்பற்றிய விவாதம் அரசியல்வாதிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் மட்டும் உரியதன்று. அது ஆயர்ப்பணிக்குரிய பொருளும் ஆகும்.

இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது ஒன்றே. போர் முடிந்தபின், எதிரி எத்துணைத் தீயவன் என்று கேட்டு நம்மை நியாயப்படுத்திக்கொள்வது திருச்சபையின் வழக்கமாகிவிட்டது. ஆனால் திருமறையும் திருச்சபையின் மரபும் நம்மைக் கேட்பது, போருக்கு முன்னரே நம்மை நாமே ஆராயவேண்டும் என்பதாகும். லூக்கா 14:31-32இல் நம் ஆண்டவர் கூறும் சிறிய உவமையில், போருக்குப் புறப்படும் அரசன் முதலில் அமர்ந்து, தன் பதினாயிரம் பேரால் எதிரியின் இருபதினாயிரம் பேரை எதிர்கொள்ள இயலுமா என்று ஆலோசிக்கிறான். இவ்வுவமை சீடத்துவத்தின் விலையைப்பற்றியது என்பது உண்மையே. ஆயினும், அமர்ந்து ஆலோசியாத அரசனை இயேசு அறிவிலி என்றே கருதுகிறார் என்பதும் அதில் அடங்கியுள்ளது. திருவள்ளுவரும் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது இக்காரணம் பற்றியே எனலாம்.

1. ஒப்பந்தத்திலிருந்து போருக்கு

முதலில் நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்குவோம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த படுகொலைகளுக்குப்பின், ஈழ இளைஞர் இயக்கங்களுக்கு இந்திய அரசின் உளவு அமைப்பு நம் நாட்டு மண்ணில் படைப்பயிற்சியும் ஆயுதங்களும் அளித்தது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப்பொருள்களை வீசின. ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். போர்நிறுத்தத்தை உறுதிப்படுத்தத் தேவை ஏற்பட்டால் இந்திய அமைதிப் படையை இலங்கை அழைக்கலாம் என்பது அவ்வொப்பந்தத்தின் இணைப்பில் இடம்பெற்ற ஒரு சிறு பிரிவு. மறுநாளே படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர்.

ஆகஸ்ட் 5 அன்று விடுதலைப் புலிகள் பெயரளவில் சில ஆயுதங்களை ஒப்படைத்தனர். செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாநோன்பிருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று இலங்கைப் படையின் காவலிலிருந்த புலிகள் இயக்கத்தவருள் பன்னிருவர் நஞ்சருந்தி இறந்தனர். அதனைத் தொடர்ந்து புலிகள் கிழக்கில் சிங்கள மக்களைக் கொன்றனர். அக்டோபர் 10 அன்று, அமைதி காக்கச் சென்ற படை போர் தொடுக்கும் படையாயிற்று. இரண்டு நாள்களுக்குள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படையினர் முப்பதின்மருள் இருபத்தொன்பதின்மர் மடிந்தனர். அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில், தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் பணியாளர்களுமாக 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வளாகத்திலிருந்து புலிகள் சுட்டனர் என்பது படைத்தரப்பின் கூற்று. எனினும் கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த மருத்துவர் ஒருவரும் மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதற்கு அக்கூற்று விடையாகாது.

சில வாரங்களில் இவ்வியக்கத்தை அடக்கிவிடலாம் என்று உயர்மட்டத்தில் நம்பப்பட்டதாக, அந்நாளில் கொழும்பில் இந்தியத் தூதராயிருந்த ஜே. என். தீட்சித் பின்னாளில் எழுதினார். யாழ்ப்பாண நகரம் சில வாரங்களில் கைப்பற்றப்பட்டது உண்மையே. ஆனால் புலிகள் வன்னிக் காடுகளுக்குள் சென்றனர். வேட்டை இரண்டரை ஆண்டுகள் நீடித்தது. 1989 ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில், தங்கள் வீரர்கள் தாக்கப்பட்டதன் பின் படையினர் 60க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றனர். அதே ஆண்டில் இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா இந்தியப் படை வெளியேறவேண்டும் எனக் கோரியதோடு, அப்படைக்கு எதிராகப் புலிகளுக்கே ஆயுதம் வழங்கினார் என்பதும் பின்னர் வெளியாயிற்று. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களும் ஆயிரக்கணக்கான ஈழத்துப் பொதுமக்களும் உயிரிழந்திருந்தனர்.

மடிந்தோருள் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் ஒருவர். 1987 நவம்பர் 25 அன்று இறந்த அவருக்குப் பரம் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. தமிழரைக் காக்க அனுப்பப்பட்ட படையில் ஒரு தமிழர் தமிழரோடு போரிட்டு மடிந்தார் என்னும் இச்செய்தியில் அப்போரின் முரண்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

2. மரபு கேட்கும் வினாக்கள்

கிறிஸ்தவன் போரில் ஈடுபடலாமா என்னும் வினாவுக்குத் திருச்சபை ஒரே விடை அளித்ததில்லை. தொடக்க நூற்றாண்டுகளில் பலர் படைப்பணியை மறுத்தனர். அகுஸ்தீன் முதலாக வேறொரு மரபு தோன்றியது. அதனை நெறிப்படுத்திய தாமஸ் அக்வினா மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: உரிய அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம். இறுதி வழியாக மட்டும் போரை நாடுதல், வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு, விளையும் தீமை அடையப்போகும் நன்மைக்கு விஞ்சாமை, போரிடாதோரைத் தாக்காமை ஆகியவை பின்வந்தோரால் வலியுறுத்தப்பட்டன. 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் பதினாறாம் பிரிவும், ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளில் முப்பத்தேழாவதும் இம்மரபையே பின்பற்றுகின்றன. ஆகவே தென்னிந்தியாவிலுள்ள லுத்தரன் சபையாரும் ஆங்கிலிக்கன் மரபினரும் இதனைப் பிறர் கொள்கை என ஒதுக்க இயலாது.

இம்மரபு போருக்கு அளிக்கப்பட்ட அனுமதிச்சீட்டு என்று சிலர் கருதுகின்றனர். உண்மையில் இது ஒரு தடைச்சுவர். எல்லா நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறினாலன்றிப் போர் நீதியானதாகாது என்பதே இதன் கருத்து. இவ்வளவுகோலைக்கொண்டு 1987ஐ நோக்கும்போது நமக்குத் தெளிவு பிறக்கிறது.

உரிய அதிகாரம் இருந்தது: இரு நாட்டு அரசுகளும் கையெழுத்திட்டிருந்தன. ஆயினும், யாருடைய உயிரும் உரிமையும் பேசப்பட்டனவோ அந்த ஈழத்தமிழர் அதில் கையெழுத்திட்ட தரப்பினர் அல்லர். நீதியான காரணமும் இருந்தது: ஒடுக்கப்பட்ட மக்களைக் காத்தலும் ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டைப் பேணுதலும் இழிவான நோக்கங்கள் அல்ல. ஆனால் நோக்கம் நிலைத்து நிற்கவில்லை. அமைதி காத்தல் ஆயுதம் களைதலாயிற்று. ஆயுதம் களைதல் வேட்டையாயிற்று. வேட்டை, 1988இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண அரசைத் தாங்கிப்பிடிக்க இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதற்குத் துணைநிற்றலாயிற்று. எங்கே போர் முடியும் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. வெற்றி வாய்ப்பும் விலையும் முன்னரே எண்ணப்படவில்லை. அமைதி ஒப்பந்தம் ஒன்றின் இணைப்புப் பிரிவாகப் படை சென்றமையால், போரைப்பற்றிய விவாதம் போருக்குமுன் நிகழவே இல்லை. போர் தொடங்கியபின் அவ்விவாதம் படையினரின் மனஉறுதியைக் குலைக்கும் செயலாகக் கருதப்பட்டது.

அமர்ந்து ஆலோசித்ததற்கும் நம் நாட்டு வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2003ஆம் ஆண்டு ஈராக்கின்மீது அமெரிக்கா படையெடுத்தபின், இந்தியப் படைப்பிரிவு ஒன்றை அங்கு அனுப்புமாறு நம் அரசிடம் கேட்கப்பட்டது. நட்பு, ஆதாயம், உலக அரங்கில் மதிப்பு என்று ஆதரவான காரணங்கள் பல எடுத்துரைக்கப்பட்டன. வெளிப்படையான விவாதம் நாட்டில் நடந்தது. இலங்கை அனுபவம் அதில் மீண்டும் மீண்டும் நினைவூட்டப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் தெளிவான ஆணை இன்றிப் படை அனுப்புவதில்லை என 2003 ஜூலை 14 அன்று அரசு முடிவு செய்தது. போருக்குக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கண்டுபிடிக்கப்படவே இல்லை. விவாதித்ததனால் நம் நாடு வலிமை இழக்கவில்லை. எத்தனையோ தாய்மார் தம் மக்களை இழக்கவில்லை.

3. ராமோத்துக்குப் போன அரசர்கள்

அயல்நாட்டுப் போரின் அறிவுடைமையைப்பற்றிய விவாதம் திருமறையில் முழுமையாக இடம்பெறுவது 1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்திலாகும். கீலேயாத்திலுள்ள ராமோத்தைச் சீரியரின் கையிலிருந்து மீட்க இஸ்ரவேலின் அரசன் ஆகாப் விரும்புகிறான். யூதாவின் அரசன் யோசபாத்தைத் துணைக்கு அழைக்கிறான். இங்குக் கவனிக்கவேண்டியது, ராமோத் உண்மையிலேயே இஸ்ரவேலுக்குரியது என்பதாகும். போருக்கான காரணம் பொய்யன்று. ஏறத்தாழ நானூறு தீர்க்கதரிசிகள் ஒருமனப்பட்டு, போகலாம் என்கின்றனர். சிதேக்கியா இரும்புக் கொம்புகளைச் செய்து வெற்றியை நடித்தே காட்டுகிறான். இவர்களைத் தவிர வேறு ஒருவர் உண்டா என யோசபாத் கேட்ட பின்னரே மிகாயா அழைக்கப்படுகிறான்.

மிகாயாவை அழைக்கச் சென்ற தூதன், எல்லாரும் சொல்வதையே நீயும் சொல் என அறிவுரை கூறுவது நம் காலத்துக்கும் பொருந்துவது. மிகாயா ஆகாபின் எதிரிகளை நல்லவர்கள் என்று கூறவில்லை. ராமோத் சீரியருக்கே உரியது என்றும் வாதிடவில்லை. மேய்ப்பன் இல்லாத ஆடுகளாய் மக்கள் மலைகளில் சிதறிக் கிடப்பதைத் தான் கண்டதாக மட்டும் கூறுகிறான். அதாவது, அவன் போரின் காரணத்தைப்பற்றிப் பேசாமல் அதன் முடிவைப்பற்றிப் பேசுகிறான். நீதியான காரணம் ஒன்று இருப்பதனாலேயே போர் அறிவுடையதாகிவிடாது என்பது இவ்வதிகாரம் கற்பிக்கும் பாடமாகும்.

அவனுக்குக் கிடைத்தது கன்னத்தில் அறையும் சிறையும் குறைந்த அப்பமும். யோசபாத்தின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. அவன் கேட்கவேண்டிய வினாவைக் கேட்டான்; விடையையும் கேட்டான்; பின்பு ஆகாபோடு போருக்குப் புறப்பட்டான். திருச்சபை தன்னை மிகாயாவாக எண்ணிக்கொள்ள விரும்புகிறது. பெரும்பாலும் நாம் யோசபாத்தாகவே இருக்கிறோம்.

4. “பயங்கரவாதி” என்னும் பெயர்

பயங்கரவாதம் கற்பனையன்று. 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டனர். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரோடு காவல் பணியிலிருந்தோரும் பொதுமக்களுமாகப் பலரும் மனிதவெடிகுண்டால் மாண்டனர். இச்செயல்களை விடுதலையின் பெயரால் மென்மைப்படுத்துவது இறையியல் ஆகாது.

ஆயினும் ஒரு பெயர் எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஆராயவேண்டும். 1983க்குப்பின் நம் முகாம்களில் பயிற்சி பெற்றபோது இவர்கள் போராளிகள். 1987 அக்டோபருக்குப்பின் பயங்கரவாதிகள். அவர்கள் கையிலிருந்த ஆயுதங்களுள் நாம் கொடுத்தவையும் இருந்தன. பெயர் மாறியவுடன், ஆயுதம் கொடுத்த நம் பொறுப்பு மறக்கப்பட்டது. பயங்கரவாதி என்னும் சொல்லின் ஆபத்து, அது பொய் என்பதில் இல்லை. அது நம் வினாக்களை முடித்துவைக்கிறது என்பதிலேயே உள்ளது. அச்சொல் உச்சரிக்கப்பட்டபின், எதற்காக, எதுவரை, யார் விலை கொடுத்து என்று எவரும் கேட்பதில்லை. 2001 செப்டம்பர் 11க்குப்பின் ஆப்கானிஸ்தானில் தொடங்கிய வேட்டையிலும் இதுவே நிகழ்ந்தது. தேடப்பட்ட ஒசாமா பின்லாடன் 2011 மே மாதத்தில் பாகிஸ்தானில் கொல்லப்பட்டான். போரோ மேலும் பத்து ஆண்டுகள் நீடித்து, 2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் காபூலில் நுழைந்ததோடு முடிந்தது.

வேட்டை நம் நாட்டுக்குள் திரும்பியபோது நிகழ்ந்ததையும் நோக்கவேண்டும். ராஜீவ் காந்தியின் கொலைக்குப்பின் சிறப்புப் புலனாய்வுக் குழு குற்றவாளிகளைத் தேடியது நியாயமே. அது அரசின் கடமை. சதியை முன்னின்று நடத்தியதாகக் கருதப்பட்ட சிவராசனும் உடனிருந்தோரும் 1991 ஆகஸ்டில் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சூழப்பட்டு உயிரிழந்தனர். ஆனால் வேட்டையின் வலை குற்றவாளிகளோடு நிற்கவில்லை. அகதிகள் முகாம்கள்மீது கண்காணிப்பு இறுகியது. தொண்டு நிறுவனங்கள் அங்குப் பணிசெய்வது தடுக்கப்பட்டது. 1992 ஜனவரி முதல் அகதிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். கொலையில் தொடர்பற்ற பல்லாயிரவர் ஒரே நாளில் ஐயத்துக்குரியோர் ஆயினர்.

தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே அதனை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுள்தண்டனையாகக் குறைத்தது. எஞ்சிய 19 பேரும் கொலைச்சதியில் குற்றவாளிகள் அல்லர் எனக் கண்டு விடுவித்தது. மரணதண்டனை உறுதிசெய்யப்பட்ட நால்வருள் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது வயது 19. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரி, தாம் அதனை முழுமையாக எழுதவில்லை என 2013இல் ஓய்வுக்குப்பின் வெளிப்படுத்தினார். தண்டனை 2014இல் குறைக்கப்பட்டு, 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார். எஞ்சியிருந்தோர் அதே ஆண்டு நவம்பரில் விடுதலையாயினர். இருபத்தாறு என்னும் எண் நான்காகக் குறைந்தது எதைக் காட்டுகிறது? சினத்தின் உச்சத்தில் நாம் தீர்ப்பிட்டிருந்தால், கொலைச்சதியில் பங்கற்ற பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டிருப்பர் என்பதையே. ரோமர் 13 ஆளுவோருக்கு வாளை அளிக்கிறது என்று நாம் போதிக்கிறோம். அந்த வாள் நீதியின் பணிவிடைக்காரனிடம் கொடுக்கப்பட்டுள்ளது. பழிவாங்குவதோ அதற்கு முந்திய அதிகாரத்தின் இறுதியில் கடவுளுக்கே விடப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

5. மதிலின்மேல் நின்ற பெண்

பயங்கரவாதியைத் தேடும் வேட்டைக்கும் திருமறையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2 சாமுவேல் 20இல், தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த சேபாவைத் தேடிப் படைத்தலைவன் யோவாப் செல்கிறான். வழியிலேயே தன் உடன் தளபதி அமாசாவை நலம் விசாரிப்பதுபோல் அணைத்துக் கொல்கிறான். வேட்டை, வேட்டையாடுவோனையும் கறைப்படுத்துகிறது. சேபா ஆபேல் நகருக்குள் புகுந்ததும் யோவாப் மண்மேடு எழுப்பி மதிலை இடிக்கத் தொடங்குகிறான். ஒருவனுக்காக ஒரு நகரம் முழுதும் அழியவிருக்கிறது.

அப்பொழுது பெயர் குறிப்பிடப்படாத ஒரு பெண் மதிலின்மேல் நின்று படைத்தலைவனை அழைத்துப் பேசுகிறாள். இந்நகரம் முற்காலத்தில் ஆலோசனைக்குப் பேர்பெற்றது என நினைவூட்டுகிறாள். ஆண்டவரின் உரிமைச்சொத்தை ஏன் விழுங்கவேண்டும் எனக் கேட்கிறாள். யோவாப் முதன்முறையாகத் தன் நோக்கத்தைச் சொல்லவேண்டிய நிலைக்கு உள்ளாகிறான்: ஒருவனை மட்டுமே நாடுகிறேன், நகரை அன்று. நோக்கம் வரையறுக்கப்பட்டவுடன் முற்றுகை முடிகிறது. முடிவு இனிமையானதன்று, சேபாவின் தலை மதிலுக்கு வெளியே எறியப்படுகிறது. நீதிமன்றத்தில் நிகழவேண்டியது மதிலின்மேல் நிகழ்ந்தது. ஆனாலும், படை கேட்க மறந்த வினாவை ஒரு பெண் கேட்டமையால் ஒரு நகரம் பிழைத்தது.

யாழ்ப்பாணத்திலும் அத்தகைய ஒரு பெண் இருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் ராஜனி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். இலங்கைப் படை, இந்தியப் படை, விடுதலைப் புலிகள் ஆகிய எவருடைய கொடுமையையும் மறைக்காமல், சக ஆசிரியர் மூவரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்னும் நூலை எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையைப் புலிகளே செய்தனர் என்பது அவருடைய தோழர்களின் முடிவு. எந்தத் தரப்பின் தீமையைச் சொன்னாலும் மறுதரப்பினன் என்று முத்திரை குத்தப்படும் இடத்தில், எல்லாத் தரப்பின் தீமையையும் சொல்வதே தீர்க்கதரிசனப் பணி. அதன் விலையை அவர் அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டுத் திருச்சபை ஒன்றை நினைவுகூர்வது தகும். 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிஷனிலிருந்தே 1834இல் மதுரை மிஷனுக்கு ஊழியர்கள் அனுப்பப்பட்டனர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் பேராயங்களுள் ஒன்றாயிற்று. மதுரைப் பகுதிச் சபைகளுக்கு யாழ்ப்பாணம் அயல்நாடு மட்டுமன்று, தாய்ச்சபையின் வீடுமாகும். 1987இல் நம் படை சென்றது அவ்வீட்டுக்கே. அங்கிருந்த உடன்விசுவாசிகளின் சொல்லை நாம் போருக்குமுன் எத்துணை கேட்டோம் என்பது நம் மனச்சான்றுக்குரிய வினா.

6. ஆயரின் பணி

இவையெல்லாம் திருப்பணியாளருக்கு உணர்த்துவது யாது? மூன்று கடமைகளைச் சுட்டலாம்.

முதலாவது, போருக்குமுன் வினாவைக் கற்பித்தல். யார் முடிவு செய்கின்றனர்? அடையவேண்டிய முடிவு எது? அதனை அடைந்தோம் என்று எவ்வாறு அறிவோம்? வேறு வழிகள் தீர்ந்தனவா? விலை கொடுப்போர் யாவர்? இவ்வைந்து வினாக்களையும் சபையின் வேதபாட வகுப்பிலும் இளைஞர் கூட்டத்திலும் அமைதிக் காலத்திலேயே பயிற்றுவிக்கவேண்டும். போர் முரசு முழங்கும் நாளில் இவற்றைத் தொடங்கினால் எவரும் செவிகொடார்.

இரண்டாவது, போரின்போது மன்றாட்டை ஒருதலைப்பட்சமாக்காதிருத்தல். நம் படையினருக்காக வேண்டுவது கடமை. அவர்கள் சுடும் திசையில் வாழும் மக்களுக்காகவும் அதே ஜெபத்தில் வேண்டுவது அதைவிட அரிய கடமை. எதிரியின் பெயரை ஜெபத்தில் உச்சரிக்கும் சபை அவனை வெறும் வேட்டைப்பொருளாக எண்ணாது.

மூன்றாவது, போருக்குப்பின் வீரனை ஏற்றுக்கொள்ளல். அமைதிப்படையின் கடைசிப் பிரிவினர் 1990 மார்ச்சில் சென்னை வந்தபோது, அவர்களை வரவேற்கச் செல்வதில்லை எனத் தமிழ்நாட்டின் முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்தார். தமிழரைக் கொன்ற படை என்பது அவர் கூறிய காரணம். அக்காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் அனுப்பிய நாடு கைகழுவிக்கொண்டு அனுப்பப்பட்டவன்மேல் மட்டும் பழியை வைப்பது நீதியன்று. திருமறை வேறு வழி காட்டுகிறது. எண்ணாகமம் 31இல், கட்டளையின்படி நடந்த போரிலிருந்து திரும்பியோரும் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே தங்கித் தூய்மைச் சடங்கு நிறைவேற்றவேண்டும். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியுஸ், போரில் கொலைசெய்வதைக் கொலைக்குற்றமாக முன்னோர் எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் அவ்வீரர்கள் மூன்று ஆண்டுகள் திருவிருந்திலிருந்து விலகியிருப்பது நலம் என்று ஆலோசனை கூறினார். இன்று அவ்விதியை அப்படியே பின்பற்றவேண்டும் என்பதன்று கருத்து. போரிலிருந்து வருபவனுக்கு மாலையும் போதாது, கல்லெறியும் தகாது. அவன் மனச்சுமையை இறக்கிவைக்க ஒரு வழியைத் திருச்சபை அமைத்துத் தரவேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். நாம் அவ்வழியை அடைத்துவிட்டோம்.

முடிவுரை

மகாராஜபுரத்து முதியவரின் வினாவுக்கு இப்போது ஓரளவு விடை கூறலாம். பின்னொரு நாள் அவரை அவர் வீட்டில் கண்டு இவ்வாறு கூற நேர்ந்தது: போர் சரியன்று, அமர்ந்து ஆலோசியாமல் அனுப்பினோம். அந்தத் தவற்றின் பெரும்பங்கு உம்முடையதன்று, வாளாவிருந்த எங்களுடையது. உமக்குரிய பங்கு ஏதேனும் இருப்பின், அதனை நீர் ஆண்டவரிடமும், விரும்பினால் எம்மிடமும் அறிக்கையிடலாம். எமக்குரிய பங்கை நாங்கள் சபையாக அறிக்கையிடவேண்டும்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, மருத்துவமனை நாள்களில் தாம் அந்நகரில் இருந்ததையும், தாம் சுடவில்லை என்பதையும், தடுக்கவுமில்லை என்பதையும் மெல்லக் கூறினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எவரிடமும் கூறாத சொற்கள் அவை. இருவருமாக ஜெபித்தோம். முகாமில் வாழ்வோரிடம் ஒருமுறை தம்மை அழைத்துச்செல்ல இயலுமா என்று அவர் கேட்டார். அவர்கள் அவரை ஏற்பரா என்பது அவர்களுடைய உரிமை. நாம் அதை வற்புறுத்த இயலாது. ஆனால் அக்கோரிக்கையை அவர்களிடம் கொண்டுசெல்வது நம் பணி.

அரசன் அமர்ந்து எண்ணாத இடத்தில், பின்னர் எண்ணுவோர் கைம்பெண்களும் அகதிகளும் உறக்கமற்ற முதியவர்களுமே. அடுத்த முறை எவரேனும் ஒரு படையை அயல்நாட்டுக்கு அனுப்ப முற்படும்போது, முதலில் அமருங்கள் என்று கூறும் துணிவை ஆண்டவர் தம் திருச்சபைக்கு அருள்வாராக.